நான்காவது ஆள்

வடமலைக் காவற்படையின் அடிவார முகாமில், உருளைக்கிழங்கு மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி உண்டாக்கிய விசாரணை அறையில், அன்று காலை பத்தரை மணிக்கு ஆஜரானவர்களும் அவர்கள் அமர்ந்த இடங்களும் வருமாறு. பெரிய மேசைக்குப் பின்னால், கணப்புக்கு முதுகைக் காட்டி, கை வைத்த நாற்காலியில் கர்னல் ரகோத்தமன். அவருக்கு வலப்புறம், கை வைக்காத நாற்காலியில் லெப்டினன்ட் ஆதவன். வயது இருபத்து நான்கு, பதினேழாம் சாவடியின் தலைவர், அதாவது அந்தச் சாவடியைப் பனி விழுங்கும்வரை தலைவர். சன்னலோரம் ஸ்டூலில் ஹவில்தார் முனிரத்தினம். சுவரை ஒட்டிய பெஞ்சில் தவசி, ரஹ்மத்துல்லா, பொன்னரசு என்று மூன்று சிப்பாய்கள். பெஞ்சு இரண்டு பேருக்கானது. ஆகையால் பொன்னரசு பாதி பெஞ்சிலும் பாதி மரியாதையிலும் உட்கார்ந்திருந்தான். கதவருகே சின்ன மேசையில் எழுத்தர் சம்பந்தம். அவர் முன்னால் பதிவு இயந்திரம், ஒரு துண்டு அரக்கு, மெழுகுவத்தி, இன்னும் ஒட்டாத ஓர் உறை. அறையின் நடுவில், நாற்காலி எதுவும் போடாத இடத்தில், லான்ஸ் நாயக் பாக்கியநாதன் நின்றுகொண்டிருந்தான்.

வரவேண்டியவர் இன்னொருவர் உண்டு. சாவடியின் சமையல்காரர் காத்தமுத்து. அவர் வரவில்லை. பன்னிரண்டு நாளாக அவர் நாற்பது அடிப் பனிக்குக் கீழே இருந்தார். ஆனால் பதிவேட்டில் அப்படியில்லை. பதிவேட்டின்படி அவர் முன்னறிவிப்பில்லாமல் பணியிடத்தை விட்டு எங்கோ போய்விட்டார். சம்பந்தத்தின் மேசையில் இருந்த உறைக்குள் அதைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். முகவரி, கீரனூர்ப் பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி செல்லாயிக்கு.

அந்த உறையைத்தான் பாக்கியநாதன் பார்த்துக்கொண்டிருந்தான். தன் சட்டைக் கையில் இருக்கும் ஒற்றைப் பட்டை இன்று பறிபோகும் என்பது அவனுக்குத் தெரியும். போனால் போகட்டும் என்று இரவோடு இரவாக மனத்தைத் தேற்றியும் ஆயிற்று. ஆனால் அந்தக் கடிதம் அப்படியே போய்விடக் கூடாது. பொண்டாட்டிக்காரி, ஓடிப்போனவன் இன்றைக்கு வருவான் நாளைக்கு வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடுவாள்.

லான்ஸ் நாயக் என்றால் என்ன பெரிய பதவி? சிப்பாய்க்கு மேலே, மற்ற எல்லாருக்கும் கீழே. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவனுக்கு இருக்கிற அதிகாரம். இலை போடலாம், சாம்பார் ஊற்றலாம், உட்கார்ந்திருக்கிற ஒருத்தரையும் எழுந்திரு என்று சொல்ல முடியாது.

பதிவு இயந்திரம் திடீரென்று 'கீங்' என்றது.

"என்னய்யா அது?" என்றார் கர்னல்.

"மன்னிக்கணும் சார். பனிரெண்டு நாளா மணிக்கொரு தரம் கத்துது. பதினேழாம் சாவடி கழிப்பறைப் பணிப்பட்டியல் இன்னும் முடிக்கலையாம். நாலாவது ஆள் பெயர் காலியா இருக்காம்" என்றார் சம்பந்தம்.

"சாவடியே இல்லை, இதற்குக் கழிப்பறைக் கவலை. வாயை மூடச் சொல்."

"அது லான்ஸ் நாயக் முடிக்கிற பட்டியல் சார். நான் தொட முடியாது."

கர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவுக்காகப் பேசத் தொடங்கினார். "லான்ஸ் நாயக் பாக்கியநாதன், உன் காதில் இருப்பது என்ன?"

"கங்காணி சார்."

கங்காணி என்பது பட்டாளத்து ஆட்கள் வைத்த பெயர். அரசாங்கப் பெயர் ஒன்றரை வரி நீளம். பட்டாணி அளவு இருக்கும். இரண்டு காதிலும் அடைத்துவிட்டால் உலகத்துச் சத்தமெல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும்.

"எதற்காக வந்தது?"

"எதிரி நம்ம ஆளுங்க குரலத் திருடினான் சார், ஆறு வருசத்துக்கு முந்தி. பிரிகேடியர் குரல்லயே வயர்லெஸ்ல பேசி, எல்லாரும் துப்பாக்கியக் கீழ வச்சிட்டு ஆத்துல குளிங்கன்னு சொன்னான். முன்னூறு பேரு குளிச்சாங்க."

"நவம்பர் மாதம்" என்றார் கர்னல் வேதனையோடு.

"அதுக்கப்புறம் யார் பேசுறா, அவருக்கு அதச் சொல்ல அதிகாரம் இருக்கான்னு பாத்துத்தான் கங்காணி உள்ள விடும் சார். இல்லன்னா 'ங்ங்'ன்னு கொசு சத்தம் மட்டும் கேக்கும்."

"உன் மேல்வரம்பு?"

"தண்ணி, சுத்தம், பனி வாருறது. ஒரு நேரத்துக்கு நாலு ஆளு. எனக்கு மேல உள்ளவங்ககிட்ட, குடுத்த வேல முடிஞ்சிச்சுன்னு சொல்லலாம். வேற ஒண்ணும் சொல்லக் கூடாது."

"ஆபத்து அறிவிப்பு?"

"சுபேதாரும் அதுக்கு மேலயும் சார். ஒருத்தன் கோவேறு கழுதையப் பாத்து பனிச்சிறுத்தைன்னு கத்தப்போயி, ஒரு பட்டாளமே மலைய விட்டு இறங்கிருச்சி. அதுலருந்து."

"கீழ்வரம்பு?"

அதற்குப் பாக்கியநாதன் பதில் சொல்ல வாயெடுக்குமுன் கர்னல் தாமே நாற்காலியில் சாய்ந்துகொண்டு முகம் மலர்ந்தார். "கீழ்வரம்பை எழுதியவன் நான். பதிவாகட்டும். அந்தக் காலத்தில் ஒரு ஜெனரல் இருந்தார். தலைநகரிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, உருளைக்கிழங்குத் தோலை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும் என்று சாவடிக்கு உத்தரவு போடுவார். அங்கே குண்டு விழுந்துகொண்டிருக்கும். அதனால்தான் எழுதினேன்: சின்ன வேலையில் பெரியவர் வாய் வைக்கக் கூடாது. வைத்தால் அவருக்கும் கொசுதான். உலகத்தில் எந்தப் படையிலும் இது கிடையாது."

லெப்டினன்ட் பாராட்டாகத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான்.

"சரி. சம்பவ நாளைச் சொல்."

பாக்கியநாதன் சொன்னான். சுபேதார் பல்வலிக்கு மருந்து வாங்க அடிவாரம் இறங்கியிருந்தார். அவன் மேட்டுக் காவல்குழியில், சாவடிக்கு நானூறு அடி மேலே, தனியாக நின்றான். காலை பதினொரு மணிக்கு எதிர்ச்சரிவில், காகிதத்தை மடித்து நகத்தால் நீவினதுபோல, நீலமாக ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே இருந்த பனி முழுவதும் சாவடிக் கூடாரத்தின் தலைக்கு நேரே. வயர்லெஸ்ஸை எடுத்து, 'மலை சரியுது, எல்லாரும் வெளிய ஓடுங்க' என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"கீழே என்ன கேட்டது? நீ சொல்" என்றார் கர்னல், பெஞ்சைப் பார்த்து.

தவசி எழுந்தான். "கொசு கேட்டுச்சு சார். பதினாறாயிரம் அடி ஒசரத்துல கொசுவான்னு சிரிச்சோம். அண்ணன் என்னமோ வரம்பு மீறிப் பேசுறாருன்னு தெரிஞ்சுச்சு. என்னான்னு தெரியல. லெப்டினன்ட் சார் சவரம் பண்ணிக்கிட்டே, 'மூணு தடவை மீறிட்டான், குறிச்சு வை'ன்னாரு."

"குறித்து வைத்தாயா?"

"வச்சேன் சார். அந்த நோட்டும் பனிக்குள்ளதான் இருக்கு."

மூன்று தடவை. பாக்கியநாதனுக்கு அந்த மூன்றும் ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு நேரம். நாலாவது மூச்சில்தான் புத்தி வந்தது. சாவடியின் கழிப்பறை கூடாரத்திலிருந்து கிழக்கே நூறு தப்படியில், யானை படுத்ததுபோலக் கிடந்த பெரிய பாறைக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பாறையை எந்தப் பனியும் தாண்டியதில்லை. கழிப்பறையோ முழுக்க முழுக்க அவன் ராஜ்யம்.

"கக்கூஸ் கழுவ நாலு ஆளு, இப்பமே, ஓடியான்னு சொன்னேன் சார்."

"மணியடிச்சாப்புல கேட்டுச்சு சார்" என்றான் தவசி. "இவருக்கு வேற வேலையே இல்லையான்னு திட்டிக்கிட்டே போனோம்."

"பிறகு?"

"பிறகு ஹவில்தாருக்கு, வேல முடிஞ்சிச்சுன்னு சொன்னேன். முடிஞ்ச வேலைய அஞ்சு நிமிசத்துக்குள்ள அவரு நேர்ல வந்து பாக்கணும்ங்கிறது விதி."

"பாத்தேன் சார்" என்று ஹவில்தார் முனிரத்தினம் ஸ்டூலோடு சேர்ந்து எழுந்தார். "போய்ப் பாத்தா இன்னா? கழுவவே இல்ல. நாலு பேருன்னாங்கோ, மூணு பேரு நிக்கிறானுங்கோ. ஒருத்தன் கையிலயும் சொட்டுத் தண்ணி இல்ல. இன்னாடா இதுன்னு கேக்கச் சொல்லோ, நம்ம லெப்டினன்ட் சார் அங்க ஓடி வராரு. பாதி மூஞ்சில சோப்பு. கால்ல ரப்பர் செருப்பு. மேல கம்பளி."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்புக்கு மேல்வரம்பு கிடையாது, இருந்தும் சிரிக்கவில்லை.

லெப்டினன்ட் ஆதவன் விறைப்பாகச் சொன்னார். "சாவடித் தலைவரின் கங்காணியில் ஒரு ஏற்பாடு உண்டு, சார். அவர் கட்டளைக்கு உட்பட்ட ஆள் ஐம்பது தப்படிக்குள் ஒருவரும் இல்லையென்றால் அது விசில் அடிக்கும். ஆளிருக்கும் இடத்துக்குப் போகும்வரை நிறுத்தாது. காது கிழிந்துவிடும். அதனால் போனேன்."

"ஒருவரும் இல்லையென்று உறுதியாகச் சொன்னதா?"

"ஒருவரும் இல்லை சார். இயந்திரப் பதிவு இருக்கிறது."

பாக்கியநாதன் அவரை நேராகப் பார்த்துக் கேட்டான்: "அந்தக் கம்பளிய உங்களுக்குப் போத்திவிட்டது யாரு சார்?"

விசாரணை நடத்துகிறவரிடம் பேசலாம்; சாட்சி சொல்லும் அதிகாரியைக் கேள்வி கேட்பது லான்ஸ் நாயக்கின் வரம்பில் இல்லை. அறையிலிருந்த எல்லார் காதிலும் ஒரு கொசு பறந்து போயிற்று. ஆனால் லெப்டினன்ட் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனவே," என்றார் கர்னல், காகிதங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, "பனிச்சரிவு பதினொன்று ஏழுக்கு. கூடாரம் நாசம். பட்டியலில் இருந்தவர் ஆறு பேர், ஆறு பேரும் உயிரோடு. உயிர்ச்சேதம் பூஜ்யம். நமது படைப்பிரிவுக்கு மூன்றாவது ஆண்டாகச் சேதமில்லா விருது வரப்போகிறது. இந்த விசாரணையில் மிச்சமிருக்கும் ஒரே குற்றம், கழிப்பறை கழுவப்படாதிருக்கையில் கழுவி முடிந்ததாக ஒரு லான்ஸ் நாயக் மேலதிகாரிக்குப் பொய் அறிக்கை கொடுத்தது."

"சார், ஏழு பேரு" என்றான் பாக்கியநாதன்.

"இதோ பாரப்பா." கர்னல் குரலை இறக்கினார். நல்ல மனிதர்தான், நல்ல மனிதர்களின் குரல்தான் இப்படி இறங்கும். "படையில் சேராதவர் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே இருக்கவே கூடாது. இருந்தார் என்று நான் எழுதினால், யார் அனுமதித்தார் என்று கேள்வி வரும். இந்த லெப்டினன்ட் பையனின் வேலை போகும். அவர் காதில் கங்காணி இல்லை, பெயர் சாவடியின் எந்தப் பட்டியலிலும் இல்லை. இல்லாதவர் எப்படி இறப்பார்? நீ ஒன்று செய். சேதமில்லை என்ற வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடு. பொய் அறிக்கையை எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறேன். அடுத்த மாதம் நீ நாயக். இரண்டு பட்டை. பத்து ஆட்கள். ஆபத்து அறிவிப்பில்கூட பாதி உனக்கு வரும்."

"பாதின்னா சார்?"

"ஆபத்து என்று சொல்லலாம். என்ன ஆபத்து என்று சொல்லக் கூடாது."

பாக்கியநாதன் யோசித்தான். பத்து ஆட்கள் என்பது சாதாரணமில்லை. இன்னொரு மலையில் இன்னொரு கோடு விழுந்தால் பத்துப் பேரைக் கூப்பிடலாம். கையெழுத்துப் போடுகிறவன் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. அவன் வாயைத் திறக்கத் தாமதித்த அந்தச் சமயத்தில், கர்னல் தாளில் இருந்த ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எண்ணி, போகிறபோக்கில் கேட்டுவிட்டார்.

"ஆமாம், நாலு ஆள் என்றாய். கூடாரத்தில் சிப்பாய்கள் மூன்றே பேர். நாலாவது யார்?"

பேசினவன் தவசி.

"காத்தமுத்துண்ணன் சார். கக்கூஸ் கழுவுற அன்னைக்கெல்லாம் அவரும் வருவாரு. அங்க தண்ணி ஒறைஞ்சு கெடக்கும், சுடுதண்ணி இல்லாம ஒண்ணும் நடக்காது. எப்பவும் அவருதான் அண்டாவுல காய்ச்சித் தூக்கிட்டு வருவாரு. அன்னைக்கும் நாங்க கெளம்பயில, 'நீங்க முன்னால போங்கப்பா, தண்ணி கொதிச்சதும் கொண்டாரேன்'னாரு."

பாக்கியநாதன் கண்ணை மூடிக்கொண்டான். காவல்குழியிலிருந்து கீழே பார்த்தது அப்படியே நின்றது. பாறைக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி, பிறகு ஹவில்தார், பிறகு கம்பளியோடு ஒரு புள்ளி. ஒருவர் கையிலும் அண்டா இல்லை. 'எலே தவசி, தண்ணி எங்க?' என்று கேட்டதும், 'கொதிக்குதுண்ணே, வந்துரும்' என்று அவன் சொன்னதும். பதறிப்போய், 'அவர ஓடியாரச் சொல்லுல, மலை வருது' என்று கத்தினான், தவசிக்குக் கொசு. ஒரு மூச்சு வீண். 'தண்ணி வேண்டாம், ஆளு மட்டும் வரட்டும்' என்று மாற்றிச் சொன்னான். அது போய்ச் சேர்ந்தது. தவசி கூடாரத்தைப் பார்த்துத் திரும்பி, கையை வாய்க்குக் குவித்தான். அவன் குவித்த கைக்கு முன்னால் கூடாரம் இருந்தது. அப்புறம் இல்லை.

கங்காணி காதில் இருந்ததால் மூன்று பேர் அவன் சொன்னதைக் கேட்டார்கள். கேட்டுத்தான் தீரவேண்டும். காத்தமுத்து காதில் ஒன்றும் இல்லை. யாரோ சொல்லக் கேட்டு, சரி என்று அடுப்பில் தண்ணீர் வைத்தார். அவனுடைய அதிகாரத்துக்கு மனசார அடங்கியவர் அந்த மலையில் அவர் ஒருவர்தான். அதனால்தான் மிஞ்சவில்லை.

பதிவு இயந்திரம் 'கீங்' என்றது. மணி பதினொன்றரை.

பாக்கியநாதன் கண்ணைத் திறந்தான். "சார், என் பட்டை இப்ப இருக்கா?"

"தீர்ப்பில் நான் கையெழுத்துப் போடும்வரை இருக்கும். ஏன்?"

"ஒரு வேலை பாக்கியிருக்கு." இரண்டே எட்டில் அவன் சம்பந்தத்தின் மேசைக்குப் போனான். இயந்திரத்தின் முன் குனிந்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்: "பதினேழாம் சாவடி. கழிப்பறைப் பணி. ஒண்ணு, தவசி. ரெண்டு, ரஹ்மத்துல்லா. மூணு, பொன்னரசு. நாலு, காத்தமுத்து. மூணு ஆளு வந்து சேந்தாங்க. நாலாவது ஆளு, குடுத்த வேலையச் செஞ்சிக்கிட்டு இருக்கையில பனிச்சரிவுல செத்துட்டாரு. பட்டியல் முடிஞ்சிது."

"அது எப்படி ஏற்கும்? அவர் படையிலேயே இல்லையே!" என்றார் லெப்டினன்ட்.

சம்பந்தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சுத்தப் பணிக்கு யாரை வேணும்னாலும் எடுத்துக்கலாம் சார். அந்தக் காலத்துல வெளியாட்கள்தான் கழுவினாங்க. அந்த விதியை மாத்த யாருக்கும் ஞாபகம் வரலை. பெரியவங்க அந்தப் பக்கத்தைப் படிக்கிறதில்லை."

இயந்திரம் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டது. உடனே அதன் பக்கவாட்டிலிருந்து காகிதம் வரத் தொடங்கியது. பட்டியலில் இருந்தோர் ஏழு. மீண்டோர் ஆறு. சேதம் ஒன்று.

கர்னல் எழுந்தார். பதினெட்டு வருடமாக யாரும் பார்த்திராத சிவப்பு அவர் முகத்தில் ஏறியது. மேசையை ஓங்கிக் குத்திவிட்டு வாயைத் திறந்தார்.

ங்ங்ங்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் விரலை நீட்டிச் சம்பந்தத்தைப் பார்த்து இன்னும் பெரிதாக வாயைத் திறந்தார். இன்னும் பெரிய கொசு. அந்தப் பெயரை அடி என்கிறாரா, அந்தத் தாளைக் கிழி என்கிறாரா, தெரியவில்லை. கழிப்பறைப் பட்டியல் கர்னலின் கீழ்வரம்புக்கு வெகு கீழே இருந்தது. அவர் எழுதியது. உலகத்தில் எந்தப் படையிலும் இல்லாதது.

"இன்னா சார் சொல்றீங்கோ? ஒண்ணும் கேக்கலியே" என்றார் முனிரத்தினம், உண்மையான அக்கறையோடு.

கர்னல் உட்கார்ந்தார். கணப்பில் ஒரு விறகு வெடித்தது. பிறகு தம் வரம்புக்குள் வந்து, எல்லார் காதிலும் தெளிவாக விழும்படி பேசினார். "பொய் அறிக்கை கொடுத்த குற்றம் நிரூபணமானது. பட்டை பறிக்கப்படுகிறது. சிப்பாய் பாக்கியநாதன், ஓரமாய்ப் போய் உட்கார்."

பாக்கியநாதன் பட்டையைத் தானே பிரித்து மேசையில் வைத்தான். பெஞ்சில் பொன்னரசு நகர்ந்து இடம் கொடுத்தான். இப்போது இரண்டு பேர் பாதி மரியாதையில் உட்கார்ந்தார்கள்.

"எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா, காத்தமுத்துண்ணன் செத்தாருன்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருப்போம்ல அண்ணே" என்று தவசி கிசுகிசுத்தான்.

"உங்களுக்கு அதிகாரம் இல்லல."

"ஒங்களுக்கு மட்டும் இப்ப இருக்காக்கும்?"

சம்பந்தம் பழைய கடிதத்தை உறையிலிருந்து உருவி மூட்டைப் பக்கம் போட்டார். இயந்திரம் அச்சடித்துக் கொடுத்த புதியதை வாசித்துக் காட்டினார். 'உங்கள் கணவர் காத்தமுத்து, கழிப்பறைப் பணிக்குழுவின் நான்காம் ஆளாக, தமக்கு இடப்பட்ட ஆணையை நிறைவேற்றுகையில் பனிச்சரிவில் உயிர் நீத்தார் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.'

பாக்கியநாதன் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மாளுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள். பெயருக்கு அடுத்த வார்த்தையே கழிப்பறை. ஓடிப்போனான் என்பதை மாற்ற அவனிடம் இருந்த அதிகாரம் அவ்வளவுதான். அதன் நாற்றமும் சேர்ந்துதான் வரும்.

"பணியின் தன்மைன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு" என்றார் சம்பந்தம், யாரையும் பார்க்காமல். "கையால எழுதிக்கலாம். ஒரு வரி."

சிப்பாய் பாக்கியநாதனுக்கு அதைச் சொல்ல இப்போது வரம்பில்லை. கையெழுத்துப் போடவேண்டியவர் சாவடித் தலைவர். லெப்டினன்ட் ஆதவன் எழுந்து வந்தார். பேனாவை வாங்கினார். பிறகு கட்டத்தில், பள்ளிக்கூடத்துப் பையன் எழுத்தில், 'எல்லாருக்கும் சுடுதண்ணீர் காய்ச்சுதல்' என்று எழுதினார்.

"கம்பளியையும் எழுதலாமா?" என்று கேட்டார். பாதிக் குரல்தான் கேட்டது. கங்காணி தடுத்ததால் அல்ல.

"கட்டம் ஒண்ணுதான் சார்."

லெப்டினன்ட் கையெழுத்துப் போட்டார். சம்பந்தம் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டினார். மெழுகுவத்தியில் அரக்கைக் காட்டி, சிவப்பாய் இரண்டு சொட்டு விட்டு, முத்திரையை அழுத்தி, ஆறும்வரை ஊதினார். வெளியே தபால் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் கங்காணி இல்லை. யார் சொன்னாலும் நிற்க மாட்டான். சம்பந்தம் சன்னலைத் திறந்து உறையை அவன் கையில் கொடுத்தார்.